ஆறு கால் பின்னலும் பக்கவாட்டு வெடிப்பும்

ரொட்டியின் மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. தேக்கு நிறம், மேலே வெள்ளை எள், வரிசை பிசகாத பின்னல். தட்டைத் திருப்பினால்தான் வண்டவாளம் தெரியும். இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே வெள்ளை மாவு நார் நாராக, பஞ்சுத் தலையணை கிழிந்த மாதிரி நின்றது. ஜனவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச் வரை ஏழு ஹல்லா சுட்டேன். நான்கு இப்படி வெடித்தன, ஒன்று சப்பையானது, இரண்டு தேறின. அந்த ஏழின் கணக்கு வழக்குதான் இது.

ஹல்லா என்று எழுதுகிறேனே தவிர, சரியான உச்சரிப்பு அதுவல்ல. முதல் எழுத்து தொண்டையைச் செருமுகிற மாதிரி வர வேண்டும். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நான் முதலில் 'சல்லா' என்றுதான் படித்தேன். ஊரில் சல்லா என்றால் மெல்லிய துணி. யூதர்கள் சபாத் நாளுக்காக, அதாவது வெள்ளி மாலை பொழுது சாயும்போது தொடங்கும் ஓய்வுநாளுக்காக, சுடுகிற முட்டை ரொட்டி இது. சடை மாதிரி பின்னி, முட்டை பூசி, பளபளவென்று இருக்கும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் ஹைலண்ட் பார்க். ராரிட்டன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ பிரன்ஸ்விக், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். எதிர்த்திசையில் கொஞ்ச நேரம் காரில் போனால் எடிசன், ஓக் ட்ரீ ரோடு, இட்லி அரிசி, முருங்கைக்காய். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சபாத் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை பொழுது இறங்கிவிட்டால் அந்த வீடுகளில் கார் கிளம்பாது, அடுப்பு பற்றாது. பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். என் மகளும் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். அது ஏதோ செல்லப் பெயர் என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு மறுநாள் அவர் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உனக்குப் பிசையத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு விருதுநகர். எண்ணெய்ப் பரோட்டா ஊர்க்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? தெரியும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பரோட்டா மாஸ்டர் பிசைவதைத் தின்னக் காத்திருந்தவன் பார்க்கிற பார்வையில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் வீட்டில் மாவு அளவெல்லாம் ஒரே அளவுதான்: அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 5 பவுண்டு பை ஒன்று, முழுசாக. கிட்டத்தட்ட 2.27 கிலோ. ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். பிசைந்த மாவில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து வைப்பது கட்டளை, அதைப் பிரார்த்தனை சொல்லிச் செய்ய வேண்டுமென்றால் மாவு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும், இந்தப் பை அதற்குப் போதும் என்றார். மிச்ச ரொட்டி ஃப்ரீசருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். ஹல்லா என்ற பெயரே அந்தத் துண்டின் பெயர்தான். பைபிளின் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது, பிசைந்த மாவின் முதல் பங்கு கடவுளுக்கு. அதை ஆசாரியருக்கு, அதாவது ஆலயப் பூசாரிக்குக் கொடுப்பார்கள். எருசலேம் ஆலயம் இடிந்து ஏறக்குறைய ஈராயிரம் வருடம் ஆகிவிட்டது, பங்கைக் கொடுக்க இடமில்லை. அதனால் ஒரு ஆலிவ் காய் அளவுக்குப் பிய்த்து, அலுமினியத் தாளில் சுற்றி, தனியாகக் கருக விட்டுவிடுகிறார்கள்.

முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்துப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தில் ஊற்ற விடுவார். ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. என் அம்மாவும் தனிக் கிண்ணத்தில்தான் உடைப்பாள், கூமுட்டை பயத்தில். காரணம் வேறு, கை அசைவு ஒன்று. பாலும் வெண்ணெயும் ரொட்டிக்குள் வரவே கூடாது, எண்ணெய் மட்டும்தான். இந்த ரொட்டி கறி சாப்பாட்டோடு மேசைக்கு வருவது, அவர்களுக்குக் கறியும் பாலும் சேரக் கூடாது. ஓவனை மட்டும் அவரே இடது கையால் திருகிப் பற்றவைத்தார். நான் பிசையலாம், பின்னலாம், நெருப்பு அவர் கையால்தான் வர வேண்டும். 

அவர் சமையலறையில் அந்த ரொட்டிகள் ஆறும் அழகாக வந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பின்னல் எனக்குப் பயமே இல்லை. மனைவி செவிலியர், வாரத்தில் பாதி நாள் இரவு வேலை. பள்ளிக்குப் போகும் மகளுக்குச் சடை போடுவது நான்தான். மூன்று கால், நாலு கால் எல்லாம் அத்துபடி. ஆறு காலுக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்த பாட்டு ஒரே வரி: ரெண்டுக்கு மேலே, ஒண்ணுக்குக் கீழே, ரெண்டுக்கு மேலே. ஆறு மாவுத் திரிகளையும் ஒரு முனையில் சேர்த்து அழுத்திவிட்டு, எப்போதும் வலது ஓரத் திரியை எடுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள இரண்டின் மேலாக, அடுத்த ஒன்றின் அடியில், மிச்ச இரண்டின் மேலாக. அது இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது வலது ஓரத்தில் புதிதாக ஒன்று இருக்குமே, அதை எடு. அவ்வளவுதான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா, "என்னப்பா இது, ரொட்டிக்குச் சடை போட்டு வச்சிருக்க? பூ வைக்கலையா?" என்றாள்.

ஆறு எதற்கு என்றால், சபாத் மேசையில் இரண்டு ரொட்டி வைப்பார்கள், இரண்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு கால். ஆலயத்தில் கடவுள் முன்னால் அடுக்கி வைத்த பன்னிரண்டு சமுகத்தப்பங்களின், அதாவது படையல் ரொட்டிகளின் நினைவு என்று சொல்கிறார்கள். இரண்டு ரொட்டி எதற்கு என்றால், பாலைவனத்தில் யூதர்களின் முன்னோருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்த காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்ததாம், மறுநாள் பொறுக்கக் கூடாது என்பதால்.

சரி, என் வீட்டுக்கு வருவோம்.

மகள் நம் வீட்டிலேயே சுடலாம் என்றாள். அளவைக் குறைத்து ஒரு ரொட்டிக்குக் கணக்குப் போட்டேன். மாவு 500 கிராம், தண்ணீர் 160, முட்டை 2, எண்ணெய் 60, சர்க்கரை 50, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு பாக்கெட், அதாவது 7 கிராம். பூசுவதற்கு இன்னொரு முட்டை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 885 கிராம் மாவு வரும். ஆறாகப் பிரித்தால் திரிக்கு 147. தராசில் நிறுத்துத்தான் பிரித்தேன். கண் அளவில் பிரித்தால் ஒரு கால் கொழுத்தும் ஒரு கால் மெலிந்தும் போய், பின்னல் ஒரு பக்கம் சாயும்.

சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கம், பரோட்டா மாவை விட இறுக்கம். அதுதான் பதம். முதல் ஐந்து நிமிடம் கையில் ஒட்டும். அங்கேதான் எல்லோரும் மாவைத் தூவிக் கெடுப்பது. நானும் முதல் தடவை தூவினேன். பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் தானே வழிக்கு வந்துவிடும். ஒரு சின்ன உருண்டையைப் பிய்த்து விரல்களால் விரித்தால், கிழியாமல் ஜன்னல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வாக வர வேண்டும். பிறகு மூடி வைத்து முதல் தடவை பொங்க விடுவது, பின்னிய பிறகு இரண்டாம் தடவை பொங்க விடுவது. என் நோட்டில் 'பொங்கல் 1, பொங்கல் 2' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, கரும்பு எங்கே என்றாள்.

முதல் ரொட்டி. பொங்கல் 1 ஒன்றரை மணி நேரம், பொங்கல் 2 நாற்பது நிமிடம். பாட்டி வீட்டில் கடிகாரம் பார்த்து எழுதிக்கொண்ட அதே நேரம். 350 பாரன்ஹீட்டில், நம் கணக்கில் 177 டிகிரியில், அரை மணி. பதினைந்தாவது நிமிடம் ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எல்லாம் சரி. இருபதாவது நிமிடம் இடது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. இருபத்தைந்தில் அது வாயாகிவிட்டது. வெந்து முடிந்ததும் வெட்டிப் பார்த்தேன். உள்ளே நடுப்பகுதி நெருக்கமாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக. ருசி மோசமில்லை. சால்னா வைத்திருந்தேன், மகள் பிய்த்துப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டாள்.

வெடிக்காத வலது பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு ஒரு பாதியை எடுத்துப் போனேன். வாசலிலேயே நின்று, முகர்ந்து பார்த்து, பின்னலைப் பாராட்டினார். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் ஓவனில் கறியும் சீஸும் எல்லாம் வெந்திருக்கிறது, அதில் சுட்டதை அவர் சாப்பிட முடியாது. சுற்றி வளைக்காமல், முகம் கோணாமல் சொன்னார். எனக்கு வருத்தமில்லை. என் அப்பத்தா கடைசி வரை வெளியில் கை நனைத்ததே இல்லை, கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாழைப்பழம் ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவாள். உன் மாவிலிருந்து துண்டு எடுத்து வைக்க வேண்டிய கடமையும் உனக்கு இல்லை, அது எங்கள் மாவுக்கு மட்டும்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெடித்ததற்கு நான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது பின்னலைத்தான். சடை போடுகிற பழக்கத்தில் இழுத்து இறுக்கிவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் வெள்ளி தளர்வாகப் பின்னினேன். வெடிப்பும் வந்தது, போதாததற்குக் கால்களுக்கு நடுவே ஓட்டையும் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்து தூங்குபவர் மாதிரி நடுவில் தொய்ந்து கிடந்தது ரொட்டி.

அதே வாரம் இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். வீட்டில் சாதா எண்ணெய் தீர்ந்துபோய், தேங்காய் எண்ணெயை உருக்கி ஊற்றினேன். முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்தது. இரண்டும் சந்தித்த உடனே எண்ணெய் உறைந்து ஜவ்வரிசி மாதிரி மணி மணியாகிவிட்டது. கைச் சூட்டில் கரைந்துவிடும் என்று பிசைந்தேன், பாதி கரைந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டும் என்பது எங்கள் வீட்டுக் குளியலறையில் குளிர்காலம் முழுக்கத் தெரிகிற சேதிதான். சமையலறையில் அது உறைந்ததைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

மூன்றாம் வெள்ளி, வலமிருந்து பின்னுவதால்தான் இடது பக்கம் வெடிக்கிறதோ என்று இடமிருந்து பின்னினேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் வெடித்தது. பின்னல் நிரபராதி என்று விடுதலை செய்துவிட்டேன்.

நான்காம் வெள்ளி மாவை மாற்றினேன். அதுவரை கிங் ஆர்தர் ஆல் பர்ப்பஸ் மாவு, புரதம் 11.7 சதவீதம். அதே கம்பெனியின் பிரட் மாவு 12.7. பசைத் தன்மை கூடினால் கிழியாது என்று கணக்கு. மாவு அருமையாக இழுபட்டது, கையில் சொன்னபடி கேட்டது, திரிகள் ரப்பர் மாதிரி வந்தன. சொல்லப்போனால் ரொம்பவே ரப்பர். உருட்டி நீட்டினால் பல்லி வால் மாதிரி சுருக்கென்று திரும்பிக்கொண்டது. அந்த இடத்தில் பரோட்டாக் கடை ஞாபகம் கைகொடுத்தது. உருண்டை பிடித்து எண்ணெய் தடவி மாஸ்டர் ஏன் அதை ஊறப் போடுகிறார்? இழுத்தால் திரும்பாமல் இருக்கத்தான். நானும் திரிகளைப் பாதி நீளத்துக்கு உருட்டிவிட்டு, துணி மூடிப் பத்து நிமிடம் ஊற விட்டேன். அப்புறம் 40 சென்டிமீட்டர் வரை சாதுவாக நீண்டன. திரிகளின் நடு பருத்தும் இரு நுனி மெலிந்தும் இருந்தால் ரொட்டி படகு வடிவத்துக்கு வரும். மேலே லேசாக மாவு தடவிக்கொண்டு பின்னினால் கால்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போகாமல் வெந்த பிறகும் தனித்தனியாகத் தெரியும். 

நான்கு ரொட்டிகளில் அழகானது அதுதான். வெடிப்பில் பெரியதும் அதுதான். விரல் மூன்று உள்ளே போனது.

ஞாயிற்றுக்கிழமை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பாட்டியிடம் புலம்பினேன். உங்கள் வீட்டில் இதே கை, இதே அளவு, இதே நேரம். அங்கே வெடிக்கவில்லை, இங்கே ஏன்? அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஃபோட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. சமையலறை மேடைக் கல்லில் நல்ல கையை வைத்தார். "இங்கே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன், மாவுக்கு மட்டும் ஒன்றுமில்லையா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அவர் சமையலறை எப்படி இருக்கும்? காலை எட்டு மணியிலிருந்து கோழி சூப் ஒரு பானையில் கொதிக்கும். ஓவனில் உருளைக்கிழங்கு வேகும். மறுநாள் அடுப்பு பற்ற வைக்க முடியாது என்பதால் இரண்டு நாள் சாப்பாடும் அன்றைக்கே தயாராகும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி வழியும். எங்கள் வீட்டிலோ பகலில் மனைவி தூங்குவாள், நான் மாடியில் வேலை பார்ப்பேன், கீழே ஹீட்டரைக் குறைத்து வைத்திருப்போம்.

குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அடுத்த வெள்ளி அதை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் அலைந்தேன். பாட்டி சமையலறைக் காற்று 26 டிகிரி. எங்களுடையது 17. வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீர், ஃப்ரிட்ஜ் முட்டை, குளிர்ந்த மாவு மூன்றையும் சேர்த்துப் பிசைந்து குத்திப் பார்த்தால் உருண்டையின் நடுவில் 19.

தோசைக்காரர்களுக்கு இது புதிதா? டிசம்பரில் மாவு பொங்காமல் கிடந்தால் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு உள்ளே வைக்கிற வித்தை இங்குள்ள எல்லாத் தமிழ் வீட்டிலும் உண்டு. தோசை மாவுக்குச் செய்வதை ரொட்டி மாவுக்குச் செய்யத் தோன்றவில்லை எனக்கு. சமையல் குறிப்பில் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தால் நாற்பது நிமிடம் என்று நம்பிவிட்டேன்.

வெடிப்பின் கதை இதுதான். ஈஸ்டுக்குக் குளிரில் சோம்பல். அதிலும் இந்த மாவில் சர்க்கரை பத்து சதவீதம், அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் இன்னும் மந்தமாகும். ஆகவே நாற்பது நிமிடத்தில் என் மாவு பாதிதான் பொங்கியிருந்தது. பொங்க வேண்டிய மிச்சத்தை ஓவன் சூட்டில் ஒரேயடியாகப் பொங்கப் பார்க்கும். அதற்குள் மேல் தோல் வெந்து இறுகிவிடும். உள்ளிருந்து தள்ளுவதற்கு எங்காவது வழி வேண்டும், இரண்டு கால்கள் சேரும் பள்ளம்தான் பலவீனமான இடம். அங்கே கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. முட்டை பூசாத உள் மாவு என்பதால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. நல்ல மாவு போட்டபோது பெரிதாக வெடித்ததும் இதனால்தான், தள்ளுகிற வலு கூடிவிட்டது.

இதில் அந்திப் பொழுதின் பங்கும் உண்டு. ஜனவரியில் நாலே முக்காலுக்கெல்லாம் தெருவில் சபாத் விளக்கு ஏற்றிவிடுவார்கள், சூரியன் மறைய பதினெட்டு நிமிடம் முன்பாக. எனக்கு அந்தக் கெடு கிடையாது. ஆனாலும் பாட்டி வீட்டில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து, நானும் நாலரைக்குள் ரொட்டியை வெளியே எடுத்தாக வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காத அவசரம்.

ஐந்தாவது ரொட்டியில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். முட்டைகளை ஓடோடு வெந்நீரில் பத்து நிமிடம் போட்டேன், தண்ணீர் 42 டிகிரி, பிசைந்த மாவு 26 காட்டியது. அதுவரை சரி. பின்னியதை விளக்குப் போட்ட ஓவனில் வைத்து, கீழ்த்தட்டில் கொதிக்கும் தண்ணீர் ஒரு சட்டி வைத்தேன். ஆபீஸ் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போனது. இரண்டரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தால் ரொட்டி தட்டை நிரப்பிக்கொண்டு படுத்திருந்தது. விரலால் தொட்ட இடம் பள்ளமாகவே நின்றது, எழவில்லை. முட்டை பூசப் பிரஷ் வைத்ததும் புஸ்ஸென்று இறங்கியது. வெந்த பிறகு வெடிப்பு இல்லை, பின்னலும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஊத்தப்பம். ஞாயிறு காலை முட்டையிலும் பாலிலும் தோய்த்துப் பிரெஞ்சு டோஸ்ட் போட்டோம். அதற்கு இந்த ரொட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. அதற்காகவே கடையில் ஹல்லா வாங்குபவர்கள் இங்கே உண்டு.

ஆறாவதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். வியாழன் இரவு ஒன்பதரைக்குப் பிசைவது. ஈஸ்டை 5 கிராமாகக் குறைத்தேன். அரை மணி வெளியே வைத்துவிட்டு, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜில். காலையில் அது இரண்டு மடங்காகி மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது, நிறுத்துப் பிரிக்கவும் உருட்டவும் சுகம், ருசியும் கூடுகிறது. பதினொரு மணிக்குத் திரி உருட்டி, ஊற விட்டு, பின்னி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வைத்து முதல் முட்டைப் பூச்சு. முட்டையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அடித்துப் பத்து நிமிடம் வைத்தால் வழவழப்புப் போய் நீர்த்துவிடும், பிரஷில் இழையாமல் சீராகப் பரவும். கால்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் விரல் நுனியாலேயே தடவினேன்.

பிறகு விளக்குப் போட்ட ஓவன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஈர விரலால் பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பார்ப்பது. குழி உடனே எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. எழவே இல்லையென்றால் காலம் கடந்துவிட்டது. குழி சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாக எழுந்து, கொஞ்சம் அடையாளம் விட்டு நின்றால் அதுதான் நேரம். என் வீட்டில், ஃப்ரிட்ஜ் மாவில், அது 1 மணி 50 நிமிடத்தில் வந்தது. நாற்பது நிமிடம் எங்கே, இது எங்கே!

தட்டை வெளியே எடுத்துவிட்டு ஓவனை 350க்குச் சூடாக்கினேன். உள்ளே ரொட்டி இருப்பதை மறந்து ஓவனைத் திருகிவிடக் கூடாதே என்று குமிழ் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். இரண்டாவது முட்டைப் பூச்சு, மேலே எள். கசகசாவும் போடுவார்கள், எனக்கு எள்தான் பிடித்தம். இருபதாவது நிமிடத்தில் ஓவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் பக்கத்தில். வெள்ளைக் கோடு வரவில்லை. கால்களுக்கு நடுவே லேசாக விரிந்து, அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். 31ஆவது நிமிடம் தெர்மாமீட்டரை அடிவழியாகக் குத்தினால் 88 டிகிரி. வெளியே எடுத்துவிட்டேன். 

ஆறியதும் வெட்டாமல் கையால் பிய்த்தோம். ஒரு கால் முழுசாக, நீள நீளமாக நார் விட்டுக்கொண்டு பிரிந்து வந்தது. பாட்டி வீட்டுப் பழக்கப்படி உப்பில் தொட்டு வாயில் போட்டோம். மகள் இன்னும் கொஞ்சம் இனிப்பு வேண்டும் என்றாள், மனைவி குறைக்க வேண்டும் என்றாள். 50 கிராமிலேயே நிற்கிறேன்.

ஏழாவதும் தேறியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டிக்கு மாவுக்கட்டு பிரித்தார்கள். மார்ச் முழுக்க உருண்டைப் பந்து ஒன்றைக் கையில் அமுக்கிக்கொண்டே திரிந்தார். ஏப்ரலில் பஸ்கா என்ற யூதப் பண்டிகை வந்தது. அந்த எட்டு நாளும் புளித்த மாவுப் பண்டம் எதுவும் அவர்கள் வசம் இருக்கக் கூடாது. அலமாரியின் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, முந்தின நாள் பிரிக்காத மாவுப் பை ஒன்றையும் ஈஸ்ட் பாக்கெட்டுகளையும் கொண்டுவந்து எங்கள் வீட்டு மேசையில் வைத்தார். இது இரவல் இல்லை, உண்மையாகவே உனக்குத்தான், நீயே சுட்டுக்கொள்ளலாம் என்றார். நான் தொடவில்லை. எட்டு நாள் கழித்து, சீல் பிரியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய், இது என் அன்பளிப்பு என்று அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவரே பிசைந்தார். நான் பக்கத்தில் நின்று மாவு நிறுத்துக் கொடுத்தேன். பண்டிகைப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவதிலேயே காலை போய்விட்டது, சூப் அடுப்புக்கு வரவே மதியம் ஆகிவிட்டது, சமையலறை இன்னும் சூடேறவில்லை. இரண்டாம் தடவை பொங்க விட்டிருந்த ரொட்டியை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். குழி டக்கென்று எழும்பியது. இன்னும் அரை மணி வேண்டும் போலிருக்கிறதே என்றேன். நாற்பது வருஷமாகச் சுடுகிறேன் என்று சொல்லி ஓவனுக்குள் தள்ளிவிட்டார்.

ஒன்று இடது பக்கம் வெடித்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர் அந்த ரொட்டியை மேசைக்கு எடுத்துப் போய், வெடித்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்து, பூ வேலை செய்த வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்.